எட்டாவது அடி

அவருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யார் என்று அவருக்கே நினைவில்லை. தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி உண்டே, உள்ளே ஒரு காற்றுக் குமிழி அங்கும் இங்கும் ஓடுமே, அதில் கைக்கு அடக்கமான ஒன்றை இருபத்திரண்டு வருஷமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைகிற மனிதரை வேறு என்னவென்றுதான் கூப்பிடுவது? டைல்ஸ் போடப் போன இடத்தில் அதை வைத்துப் பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இவர் சாப்பிடப் போன வீட்டு மேசையிலும் வைத்துப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக் கட்டிலில் வைத்துப் பார்த்துவிட்டு, "தலைமாட்டுல ரெண்டு நூல் எறக்கம் இருக்கு மாமா" என்று சொன்னவர். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட மாமனார் பேத்தி பிறந்த பிறகுதான் நேராகப் பார்த்தார்.

வேலையில் அவரும் மனைவியும் ஜோடி. அவர் டைல் பதித்துக்கொண்டே பின்னால் நகர்வார். மறுநாள் அந்தம்மா வந்து இணைப்புகளில் பூச்சு அடைத்துத் துடைத்துவிட்டுப் போவார். தொழிலுக்கு இரண்டு பேர், வாய்க்கு ஒருவர். வாய் அவருடையது. அந்த வாயில் நிரந்தரமாகக் குடியிருந்த வாக்கியம் ஒன்று உண்டு: "நான் போட்ட தரையைப் பேர்த்துப் போடணும்னு இன்னிய தேதி வரைக்கும் ஒருத்தர் கூப்பிட்டதில்ல." அறிமுகமான ஐந்தாவது நிமிஷத்தில் இதைச் சொல்லிவிடுவார். ஏற்கெனவே கேட்டவர்களுக்கும் விலக்கு கிடையாது.

வேலை செய்வதெல்லாம் குந்தி உட்கார்ந்துதான். காலையில் குந்தினால் சாப்பாட்டு வேளைக்குத்தான் எழுந்திருப்பார். அது வரைக்கும் தவளை மாதிரி பின்னாலேயே நகர்ந்துகொண்டிருப்பார். முழங்கால் பாவம் என்று மனைவி ஒரு சாண் உயரத்தில் சக்கரம் வைத்த பலகை ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். "உக்காந்து வேலை பாக்கறதுக்கு நான் என்ன கான்ட்ராக்டரா?" என்று அதை மூலையில் தள்ளிவிட்டார். மூன்று வருஷமாக அந்தப் பலகையில் துணி சோப்பு உட்கார்ந்திருக்கிறது.

போன வருஷம் ஒரு செருப்புக் கடைக்குத் தரை போட்டார். மூன்று நாளில் முடித்துத் தருவதாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு, மூன்று நாளும் குந்தியவர் குந்தியபடி இருந்தார். கடைசி டைலை ரப்பர் சுத்தியலால் தட்டிவிட்டு எழுந்தபோது வலது பாதம் மரத்துப் போயிருந்தது. சரி, இதென்ன புதுசா என்று செருப்பை மாட்டிக்கொண்டு நாலு அடி வைத்தார். செருப்பு நின்ற இடத்திலேயே நின்றது. கால் மட்டும் போய்விட்டது.

திரும்பி வந்து மாட்டினார். மறுபடியும் கழன்றது. பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். தூக்க வேண்டும் என்று இவர் நினைத்தார், பாதம் நினைக்கவில்லை. கட்டை விரலும் மற்ற நாலும், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத பிள்ளைகள் மாதிரி தரையையே பார்த்துக்கொண்டு கிடந்தன. செருப்புக் கடையில் செருப்பு நிற்காத ஒரே ஆள் அன்றைக்கு அவர்தான்.

வீடு மூன்றாவது மாடியில். படி ஏறும்போது பாதம் டப், டப் என்று விழுந்தது. மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "படியில யாரு துணி தொவைக்கறது?" என்றார்.

"நாந்தான்."

"நீங்களா? என்ன ஆச்சு கால்ல?"

"செருப்பு லூசு."

அந்த லூசுச் செருப்பை வைத்தே ஒரு வாரம் ஓட்டினார். மறுநாளே வார் வைத்த செருப்பு வாங்கிக் கட்டிக்கொண்டார். விரல் தரையில் இடறாமல் இருக்க முழங்காலை உயர உயரத் தூக்கி, முட்டளவு தண்ணீரில் நடக்கிறவர் போல வறண்ட தெருவில் நடந்தார். பார்த்தவர்கள் வழி விட்டார்கள். ஒரு நாள் நடைபாதை விளிம்பில் நுனிக்கால் தட்டிக் குப்புற விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். மனைவி சிராய்ப்பைப் பார்த்தார். வீட்டுச் சாவியை எடுத்தார், அவர் கையைப் பிடித்தார், ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிட்டார்.

டாக்டர் அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் இருக்கிற எலும்பு முண்டில் விரலால் லேசாகத் தட்டினார். கணுக்கால் வரைக்கும் சுரீர் என்று ஓடியது. அவர் துள்ளிவிட்டார்.

"இந்த முண்டைச் சுத்திக்கிட்டு ஒரு நரம்பு போகுது. மேல போர்த்தியிருக்கறது தோல் மட்டும்தான். பாதத்தை மேல தூக்கறதே அந்த நரம்பு சொல்லித்தான். நீங்க மூணு நாள் குந்தி உக்காந்து அதை நசுக்கி வெச்சிருக்கீங்க" என்றார் டாக்டர்.

"அறுந்து போச்சா டாக்டர்?"

"அறுபடல. நசுங்கியிருக்கு. தொந்தரவு பண்ணாம விட்டா அதுவே திரும்ப வரும். சிலருக்கு வாரக் கணக்கு, சிலருக்கு மாசக் கணக்கு. பாதம் தொங்காம இருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை தரேன், ஷூவுக்குள்ள போட்டுக்கணும். பயிற்சிக்கு வரணும். நான் சரின்னு எழுதிக் கொடுக்கற வரைக்கும் குந்தவே கூடாது."

"குந்தவே கூடாதா?"

"குந்தவே கூடாது."

மனைவியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பினால் அந்தச் சக்கரப் பலகை அந்தம்மா முகத்தில் தெரியும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் உள்ளுக்குள் ஆடிப் போய்விட்டார். குந்த முடியாத டைல்ஸ்காரர் என்ன செய்வார்? சுவரையா பார்த்துக்கொண்டிருப்பார்? அந்தக் கையெழுத்து கிடைத்தால்தான் மறுபடியும் கலவைக் கரண்டியைத் தொட முடியும். அன்றிலிருந்து அவருக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு கையெழுத்துத்தான்.

பயிற்சி அறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் அவர் செய்த முதல் காரியம் குனிந்து தரையைப் பார்த்ததுதான். பார்த்த மாத்திரத்தில் முகம் மலர்ந்துவிட்டது.

"இது நான் போட்ட தரை!"

பிசியோ மேடத்துக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு கோப்பு. "அப்படியாண்ணா? நல்லதாப் போச்சு. உங்க தரையிலயே நீங்க நடக்கலாம்" என்றார்.

"நாலு வருஷம் ஆச்சு. ஒரு டைல் அசைஞ்சிருக்கா பாருங்க. நான் போட்ட தரையைப் பேர்த்துப் போடணும்னு இன்னிய தேதி வரைக்கும்..."

"ஒருத்தர் கூப்பிட்டதில்ல" என்று முடித்து வைத்தார் மனைவி. ஏனோ அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதே நேரத்துக்குப் பயிற்சிக்கு வருகிற இன்னொரு ஆள் ஒரு விளையாட்டு டீச்சர். இடது காலில் முழங்கால் வரைக்கும் ஏறிய தடிமனான பூட்ஸ். பள்ளியில் ஆசிரியர்களுக்கு ஓட்டப் பந்தயம் வைத்திருக்கிறார்கள். விசில் ஊதியதும் முதல் அடியிலேயே யாரோ பின்னங்காலில் ஓங்கி உதைத்த மாதிரி இருந்ததாம். டீச்சர் திரும்பி, பின்னால் நின்ற கணக்கு வாத்தியாரைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். "அந்த மனுஷன் பத்தடி தள்ளி நின்னுக்கிட்டிருந்தார் மேஸ்திரி. யாரும் உதைக்கல. குதிகால் நரம்பு பட்டுனு அறுந்திருக்கு. நான் மைதானத்துல உக்காந்துக்கிட்டே அவரைத் திட்டறேன், அவர் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே எனக்குத் தண்ணி கொடுக்கறார்!"

"அது நரம்பு இல்ல டீச்சர்" என்று பிசியோ திருத்தினார். "தசைநாண். கெண்டைக்கால் சதையைக் குதிகாலோட இழுத்துக் கட்டியிருக்கற கயிறு. உங்களுக்கு அறுந்தது கயிறு. அண்ணாவுக்கு நசுங்கினது ஒயர்."

"எங்க ஊட்டுக்காரருக்கு ஒயர் கொஞ்சம் மேல வரைக்குமே நசுங்கியிருக்கு" என்றார் மனைவி.

இரண்டு பேரின் நடையும் ஒரு வேடிக்கை. இவருக்குப் பாதத்தை மேலே தூக்க வராது. டீச்சருக்குத் தரையை உந்தித் தள்ள வராது. இவர் நடந்தால் பாதம் பொத்தென்று விழும். டீச்சர் நடந்தால் குதிகாலை எழுப்ப முடியாமல் தட்டையாக இழுத்து வைப்பார். "ரெண்டு பேரையும் சேத்துத் தெச்சா ஒரு நல்ல கால் தேறும்" என்பார் பிசியோ. டீச்சரின் பூட்ஸுக்குள் குதிகாலைத் தூக்கிப் பிடிக்க ஆப்பு ஆப்பாக அடுக்கியிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஆப்பு வெளியே வரும். இவருக்கு விரலை மடக்கு, தூக்கு, ரப்பர் பட்டையை இழு என்று வேலை. முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் கட்டை விரல் மட்டும் ஒரு நூல் அளவுக்கு மேலே வந்தது. டீச்சர் அவசரமாக விசிலைப் பிடுங்கி ஊதிவிட்டார். ரசமட்டத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்றார். அவர் போட்ட தரையில் தூசியா?

அதற்குப் பிறகு கால் மளமளவென்று தேறியது. வாரத்துக்கு ஒரு முறை பட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் ஷூவோடு அறையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடக்க வேண்டும். பிசியோ கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேட்பார். பாதம் அறையாமல் குதிகால் முதலில் இறங்கினால் கோப்பில் ஒரு சரி. அறைந்தால் ஒரு பெருக்கல் குறி. பத்து அடியும் சரி வாங்கினால் டாக்டரின் கையெழுத்து. ஏட்டில் பார்த்தால் அவ்வளவு சுலபம்.

எட்டாவது வாரம். இடது காலை முதலில் வைத்துப் புறப்பட்டார். இரண்டு, நாலு, ஆறு, வலது கால் பூனை மாதிரி இறங்கியது. எட்டாவது அடி வைத்தார்.

டொக்.

பிசியோ பெருக்கல் குறி போட்டார். "கடைசியில கால் சோர்ந்து போகுதுண்ணா. பரவால்ல, அடுத்த வாரம் பாப்போம்."

ரசமட்டம் திரும்பி அந்த டைலைப் பார்த்தார். சோர்ந்தது கால் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சுத்தியல் கைப்பிடியால் டைலைத் தட்டித் தட்டிக் கேட்ட காது அது. கெட்டியாகப் பதிந்த டைல் எப்படிப் பேசும், அடியில் காலியாக இருக்கிற டைல் எப்படிப் பேசும் என்று அந்தக் காதுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த இடத்தில் இத்தனை நாளும் ஒரு ரப்பர் விரிப்பு கிடந்தது. அது கிழிந்துவிட்டதென்று போன வாரம்தான் சுருட்டி எடுத்திருந்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முந்திய ஒரு சாயங்காலம் அப்படியே கண் முன்னால் வந்தது. மறுநாள் காலையில் திறப்பு விழா. கான்ட்ராக்டர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி வாசலுக்கும் உள்ளுக்கும் அலைகிறார். பாக்கி ஒரே ஒரு டைல், கலவையோ அடிச்சட்டியில். புதிதாகக் கலக்க வேண்டும், பரப்ப வேண்டும், அரை மணி நேரம் ஆகும். இவர் இருந்த கலவையை உருட்டி, நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று வைத்து, மேலே டைலை அமுக்கிவிட்டார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. மேலே மட்டம், கீழே உருண்டைக்கு உருண்டை ஓட்டை. "ஒண்ணுதானே" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கையைக் கழுவினார். மற்றவர்கள் இப்படிச் செய்தால் தெருவில் நின்று மானத்தை வாங்குகிற ஆள்.

இப்போது என்ன செய்வது? சொல்லிவிட்டால் கையெழுத்து கிடைக்கும், பேர் போகும். சொல்லாவிட்டால் பேர் நிற்கும், கையெழுத்து கிடைக்காது. அவர் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார். ஒன்பதாவது வாரம், ஏழாவது அடியை நீட்டி வைத்து அந்த டைலை ஒரே தாண்டாகத் தாண்டினார். "என்னண்ணா, நடுவுல குளம் இருக்கா? அடி ஒரே அளவா வரணும்" என்று பிசியோ திரும்ப நடக்க விட்டார். பத்தாவது வாரம், அடியைக் குறுக்கிக் குறுக்கி வைத்து, அந்த டைலில் இடது கால் விழும்படி கணக்குப் பண்ணினார். விழுந்தது. டொக்.

பிசியோ கண்ணைத் திறந்தார். முகத்தில் கவலை. "இது இடது கால் ஆச்சே! அதுவும் ஆரம்பிச்சிடுச்சா?" என்று அவரைக் கட்டிலில் ஏற்றி, சுகமாக இருந்த இடது முழங்காலைக் குட்டிச் சுத்தியலால் தட்டோ தட்டென்று தட்டினார். ஊரில் உள்ள டைலையெல்லாம் தட்டியவரை ஒரு சுத்தியல் தட்டியது. அவர் அசடு வழிய உட்கார்ந்திருந்தார்.

இதோடு போயிருந்தால் இன்னும் ஆறு மாதத்துக்கு அவர் இப்படியே டிமிக்கி கொடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் புறப்படும்போது பிசியோ மஞ்சள் நாடாவை எடுத்துக்கொண்டு அறைக் கோடிக்குப் போனார். அங்கே சுவரில் கைப்பிடி இருக்கிறது. அதற்கு நேர் கீழே, அந்தப் பாழாய்ப் போன டைலின் மேல், நாடாவால் ஒரு குறுக்குக் கோடு ஒட்டினார்.

"வர்ற திங்கக்கிழமை டீச்சருக்குப் பெரிய பரீட்சை. பூட்ஸைக் கழட்டிட்டு இங்க நிக்கணும். ஒத்தைக் கால்ல, நுனி விரல்ல எழும்பணும். குதிகால் தரையை விட்டு வந்தா பாஸ்."

"வரலேன்னா?" என்றார் டீச்சர்.

"வரலேன்னா இன்னும் கொஞ்ச நாள். அதுல ஒண்ணும் இல்ல. சறுக்கத்தான் கூடாது. ஒட்டின கயிறு வெடுக்குனு இழுபட்டா மறுபடியும் முதல் நாள்லேர்ந்து தொடங்கணும்."

டீச்சர் சிரித்துக்கொண்டேதான் தலையாட்டினார். கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

அன்றைக்கு வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கணக்குப் போட்டார். ஒரு ஆளின் முழு பாரமும் ஒரு காலில், அதிலும் ஒரு கையளவு இடத்தில். அடியில் காலி. டைல் இன்னொரு நாலு வருஷம் தாங்கினாலும் தாங்கும். திங்கட்கிழமை காலை மூலையில் படீரென்று உடைந்தாலும் உடையும். இரண்டு நாள் இதை மென்று விழுங்கினார். சனிக்கிழமை காலை, மனைவி தேநீர்க் கெட்டிலை இறக்கிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஆஸ்பத்திரித் தரையில..."

"கோடியில இருக்கற டைல்தானே?"

அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அன்னிக்கு ராத்திரி விடிய விடிய பூச்சு அடைச்சது யாரு? கையை ஊனினதுமே கேட்டுச்சு, டொக்குனு" என்றார் மனைவி.

"நாலு வருஷமா தெரியுமா? ஏன் சொல்லல?"

"நீங்க ஊரெல்லாம் தண்டோரா போட்டுக்கிட்டு இருந்தீங்க. அந்தப் பேச்சைப் பேசறப்ப உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதை எப்படிங்க ஒடைக்கறது?" கெட்டிலை நகர்த்திவிட்டு, சூடு படாமல் அடியில் வைத்திருந்த சதுரத்தைத் துணியால் துடைத்து அவர் முன்னால் வைத்தார். அதே நிறம், அதே வரி. ஆஸ்பத்திரி வேலையில் மிஞ்சிய டைல். "என்னிக்காவது வேணும்னுதான் எடுத்து வெச்சேன்."

நாலு வருஷமாகத் தினமும் இரண்டு வேளை அந்த டைலின் மேலிருந்த கெட்டிலில்தான் தேநீர் குடித்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷம் ஜோடியாக வேலை செய்தும், அவருடைய பெருமையின் அடியில் காலி விழாமல் ஒருத்தி முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடித்துக்கொண்டார். "தேத்தண்ணி கொட்டப் போகுது" என்றார் மனைவி. ஆனால் கையை எடுக்கவில்லை.

அன்றைக்கே இருவரும் போனார்கள். பிசியோ கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார், டீச்சர் பூட்ஸோடு உட்கார்ந்து ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். ரசமட்டம் நேராகக் கோடிக்குப் போய், ஒரு சாவியால் மஞ்சள் கோட்டின் மேல் தட்டினார். டொக். பக்கத்து டைலில் தட்டினார். டிக். பிறகு ஐந்து உருண்டைக் கதையை முழுசாகச் சொன்னார். பூசி மெழுகவில்லை. கான்ட்ராக்டர் மேல் போடவும் இல்லை.

பிசியோ அவருடைய கோப்பை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"அப்ப எட்டாவது அடியில கேட்டது..."

"கால் இல்ல மேடம். டைல்."

"மூணு வாரமா நான் டைலுக்கா வைத்தியம் பாத்திருக்கேன்?"

முதலில் சிரித்தது டீச்சர்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்துதான். சிரித்து முடித்ததும் டீச்சர் மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "திங்கக்கிழமை அது மேலதான் நின்னிருப்பேன், இல்ல மேஸ்திரி?" என்று கேட்டார். ரசமட்டம் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பெயர்த்துப் போட்டார்கள். போட்டது அவர் இல்லை, அவர் இன்னும் குந்தக் கூடாது. மனைவி சக்கரப் பலகையிலிருந்து சோப்பைத் துரத்திவிட்டு, அதில் உட்கார்ந்து, உளியால் இணைப்பைக் கொத்திப் பழைய டைலைக் கிளப்பினார். அடியில் ஐந்து உருண்டையும் காய்ந்து, வரிசையாக இவரைப் பார்த்துப் பல்லைக் காட்டின. இவர் காலை நீட்டிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சாட்சாத் கான்ட்ராக்டர் மாதிரி. "கொஞ்சம் இந்தப் பக்கம்... மூலையில இன்னும்..." என்று ஆரம்பித்தவரை மனைவி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அதோடு சரி. சீக்கிரம் இறுகுகிற கலவையை மூலை முடுக்கெல்லாம் படியப் பரப்பி, கெட்டில் டைலை வைத்து, தட்டி, சுற்றிலும் தட்டிக் கேட்டார். ஒரே சத்தம். ரசமட்டத்தை எடுக்க இவர் தன் சட்டைப் பையில் கையை விட்டார். பிறகு, எடுக்காமலேயே வெளியே இழுத்துக்கொண்டார்.

கலவை நன்றாகக் காயட்டும் என்று பரீட்சையை வியாழனுக்குத் தள்ளிப் போட்டார் பிசியோ. வியாழக்கிழமை முதலில் இவர் நடந்தார். பத்து அடி, பத்து சரி. பிசியோ கோப்பை மூடி, டாக்டரிடம் அனுப்பினார். கையெழுத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது: இனிமேல் பலகையில் உட்கார்ந்துதான் வேலை. காகிதத்தைச் சட்டைப் பையில் ரசமட்டத்தோடு வைத்துக்கொண்டு அவர் மறுபடியும் பயிற்சி அறைக்கே வந்தார். டீச்சர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வெள்ளையாக, மெலிந்து, மற்ற காலுக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது அந்தக் கால். குதிகாலுக்கு மேலே ஒரு விரல் நீளத் தழும்பு. டீச்சர் புது டைலில் மறுபடி ஒட்டிய மஞ்சள் கோட்டில் நின்று, கைப்பிடியை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு, வலது காலை மடக்கினார். கெண்டைக்கால் நடுங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. டீச்சர் பல்லைக் கடித்தார். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அது ஒரு நூல் ஆனது, இரண்டு நூல் ஆனது, ஒரு விரல் ஆனது. நின்றது. ரசமட்டம் தன்னை அறியாமல் தானும் நுனிக்காலில் எழும்பி நின்றுகொண்டிருந்தார்.

இந்த முறை விசிலைப் பிடுங்கி ஊதியது அவர்தான்.

அன்றைக்கு மாடிப்படி ஏறி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி திடுக்கிட்டு எழுந்தார்.

"எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கலியே!"

"எதுக்கு இப்படிப் பதறற?"

"இத்தனை மாசமா ரெண்டாவது மாடியில டப்புனு கேட்டதும்தான் அடுப்பைப் பத்த வெப்பேன். நீங்க மேல வர்றதுக்குத் தேத்தண்ணி சரியா இருக்கும்." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவர் வாசல்படியில் நின்றார். அவருடைய கால்களைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேலை நேரத்துக் குரலில் கேட்டார்: "டீச்சர் ஏறி நின்னாங்களா? டைல் எப்படி இருந்துச்சு?"

ரசமட்டம் யோசித்தார்.

"டைலைப் பாக்கவே இல்லடி" என்றார்.